மாதவிடாய்ப் பொருட்கள் எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும்: இயக்கம் நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பள்ளியில் மாணவிகளுக்கு நாப்கின் இலவசம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக வந்தும் இறங்கிவிட்டது. அது ஓர் அலமாரிக்குள் இருக்கிறது. அலமாரிக்குப் பூட்டு, சாவி ஓர் ஆசிரியரிடம், அவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். நாப்கின் தேவைப்படும் பிள்ளை அந்த வகுப்பு வாசலில் போய் நின்று, நாற்பது பேர் பார்க்க, சாவியைக் கேட்க வேண்டும். வாங்கியதும் பதிவேட்டில் பெயர், வகுப்பு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்டு முடிவில் பார்த்தால் பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படாமலேயே இருக்கும். "பிள்ளைகளுக்குத் தேவையில்லை போல" என்று குறிப்பெழுதி, அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைத்துவிடுவார்கள்.

இந்த வழிகாட்டியை எழுத வைத்தது அந்த அலமாரிதான். வரியை நீக்கச் சொல்லிப் போராடுகிறோம், இலவசமாகக் கொடுக்கச் சொல்லி மனு கொடுக்கிறோம், அறிவிப்பு வந்ததும் இனிப்பு கொடுத்துக் கலைந்துவிடுகிறோம். அறிவிப்புக்கும் அந்தப் பிள்ளையின் கைக்கும் நடுவே இருக்கிற கடைசிப் பத்தடியை யாரும் நடந்து பார்ப்பதில்லை. அந்தப் பத்தடியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது எப்படி என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

1. பேனர் அடிக்கும் முன் உட்கார்ந்து கேளுங்கள்

முதல் மாதம் முழுவதையும் கேட்பதற்கே ஒதுக்குங்கள். இருபது முப்பது பேரிடம் பேசினாலே நிறைய தெரிந்துவிடும். ஆனால் அந்த முப்பது பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. பள்ளி மாணவி, தினக்கூலிக்குப் போகிறவர், கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்பவர், விடுதியிலோ முகாமிலோ இருப்பவர், மாற்றுத்திறனாளிப் பெண், அவரைப் பார்த்துக்கொள்ளும் தாய், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கி ரத்தப்போக்கு அதிகமாகிவிட்டவர், அண்மையில் குழந்தை பெற்றவர் என்று தேடிப் போங்கள். மாதவிடாய் வரும் திருநம்பிகளையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு விலையோடு சேர்த்து வேறு பல தடைகளும் இருக்கின்றன.

"நாப்கின் வாங்க உங்களுக்கு வசதி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. இப்படிக் கேளுங்கள்: போன மாதம் முதல் நாள் என்ன பயன்படுத்தினீர்கள்? அன்று எத்தனை முறை மாற்றினீர்கள்? அதை யார் வாங்கி வந்தது? காசு யார் கொடுத்தது? நடுவில் தீர்ந்துபோயிருந்தால் என்ன செய்தீர்கள்? பயன்படுத்தியதை எங்கே போட்டீர்கள்?

இதில் "காசு யார் கொடுத்தது" என்ற கேள்விதான் கதவைத் திறக்கும். வீட்டில் பணம் இருக்கும், ஆனால் அவர் கையில் இருக்காது. ஒவ்வொரு மாதமும் அப்பாவிடமோ கணவரிடமோ கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட்டு, ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்திருப்பவர்கள் உண்டு. பொருளின் விலை பாதிப் பிரச்சினை என்றால், கேட்டு வாங்க வேண்டியிருப்பது மீதிப் பாதி.

குழுவாக உட்கார்ந்து பேசும்போது சீட்டு முறை நன்றாக வேலை செய்யும். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே மாதிரி பென்சில். எழுத எதுவும் இல்லாதவரும் "எழுத எதுவும் இல்லை" என்று எழுதி, நான்காக மடித்துப் பெட்டியில் போட வேண்டும். அப்போதுதான் யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நான் நடத்திய ஒரு சந்திப்பில் வாயால் கேட்டபோது அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு சீட்டுகளைப் பிரித்தபோது ஒன்றில் இப்படி இருந்தது: "எனக்கும் தங்கைக்கும் ஒரே பாக்கெட். அவளுக்கு வந்தால் எனக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன்." எந்தப் புள்ளிவிவரமும் எனக்கு அதற்கு மேல் சொன்னதில்லை. சீட்டுகளில் பெயர், ஊர், வகுப்பு எதுவும் இருக்கக் கூடாது. யாருடைய கையெழுத்து என்று அடையாளம் தெரிந்துவிடும் சாத்தியம் இருந்தால், படியெடுத்துக்கொண்டு சீட்டை அழித்துவிடுங்கள்.

2. கணக்கைப் போடுங்கள்

மனசைத் தொடும் பேச்சு ஒரு அதிகாரியை நிமிர்ந்து உட்கார வைக்கும். கையெழுத்துப் போட வைப்பது கணக்குதான்.

சுழற்சி பொதுவாக 21 முதல் 35 நாட்கள், ரத்தப்போக்கு 2 முதல் 7 நாட்கள். நடுத்தரமாக 28 நாள் சுழற்சி, 5 நாள் போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் ஒரு நாளைக்கு 4, ஒரு சுழற்சிக்கு 20, ஆண்டுக்கு 13 சுழற்சி என்றால் 260 நாப்கின்கள். ஒரு வீட்டில் தாயும் இரண்டு மகள்களும் இருந்தால் 780. ரத்தப்போக்கு அதிகம் உள்ளவருக்கு இந்த எண்ணிக்கை போதாது.

இதை உங்கள் பகுதியில் சாதாரணமாகக் கிடைக்கும் நாப்கினின் விலையால் பெருக்குங்கள். அப்புறம் அந்தத் தொகையைக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்து, எத்தனை மணி நேர உழைப்பு என்று மாற்றுங்கள். வெறும் தொகை நன்றாகச் சம்பாதிப்பவர் காதில் சின்னதாகத்தான் விழும். "இந்தத் தாய் ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை செய்வது நாப்கினுக்கு மட்டும்" என்றால் யாருக்கும் புரியும்.

கடைகளுக்குப் போகும்போது சின்ன பாக்கெட், பெரிய பாக்கெட் இரண்டின் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட்டில் ஒரு நாப்கினின் விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். மொத்தமாகக் காசு எடுத்துவைக்க முடியாதவர் சின்ன பாக்கெட்டையே வாங்குவார். அதாவது கையில் குறைவாக இருப்பவர் ஒரு நாப்கினுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார். இந்த ஒரு அட்டவணையைக் காட்டினாலே கூட்டத்தில் பேச்சு மாறும்.

ஒரு எச்சரிக்கை. நாப்கின் இல்லாததால் இத்தனை சதவீத மாணவிகள் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்று பல எண்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மூலம் தெரியாத எதையும் உங்கள் மனுவில் சேர்க்காதீர்கள். நேபாளத்தில் மாணவிகளுக்கு மாதவிடாய்க் கப் (உடலுக்குள் வைத்து ரத்தத்தைச் சேகரிக்கும், திரும்பத் திரும்பப் பயன்படும் சின்னக் கிண்ணம்) கொடுத்து நடத்தி, 2011இல் வெளியான ஒரு ஆய்வில், மாதவிடாயால் பள்ளி வருகை குறைவது மிகக் கொஞ்சம்தான் என்று தெரியவந்தது. கப் கொடுத்ததாலும் வருகை பெரிதாக மாறவில்லை. ஆனால் துணி துவைக்கும் சுமை அந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்தது. பிள்ளைகள் வலியோடும் கறை பயத்தோடும் பள்ளிக்கு வந்து உட்காரத்தான் செய்கிறார்கள். நம் வாதத்தை வருகைப் பதிவேட்டின் மேல் மட்டும் கட்டினால், அந்த எண் சரியும் நாளில் வாதமும் சரிந்துவிடும். அந்தப் பிள்ளை பயமில்லாமல் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதே போதுமான காரணம். அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

3. ஒரே ஒரு கோரிக்கை

வரி நீக்கம், பள்ளியில் இலவசம், பணியிடத்தில் இலவசம், நல்ல கழிப்பறை, விழிப்புணர்வுப் பாடம் என்று பன்னிரண்டு கோரிக்கை எழுதினால், அதில் மிக எளிதான ஒன்றைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் அது விழிப்புணர்வுப் பாடமாக இருக்கும். நீங்கள் கேட்டு வந்தவற்றில் எது அதிகம் பேருக்கு உறுத்துகிறதோ அதை மட்டும் முதலில் எடுங்கள்.

வரி நீக்கம்தான் உங்கள் கோரிக்கை என்றால் ஒரு நுணுக்கத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வரிவிலக்கு வேறு, சுழிய வரி வேறு. வரிக்கு முன் ஒரு பாக்கெட்டின் விலை 100, வரி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 112. உற்பத்தியாளர் மரக்கூழ், பிளாஸ்டிக் உறை, பசை வாங்கும்போதே 5 வரி கட்டியிருக்கிறார். விற்கும்போது வசூலிக்கும் 12இல் அந்த 5ஐக் கழித்துக்கொண்டு மீதி 7ஐ அரசுக்குக் கட்டுவார். இப்போது நாப்கினுக்கு வரிவிலக்கு கொடுத்தால் 12 போய்விடும், ஆனால் கழித்துக்கொள்ளும் உரிமையும் போய்விடும். அந்த 5 அவர் செலவில் ஏறும். விலை 105க்குத்தான் இறங்கும். சுழிய வரி என்றால் வரியும் இல்லை, கட்டிய 5ம் திரும்பக் கிடைக்கும். விலை 100க்கு வர வழி இருக்கிறது. இந்தியாவில் 2018 ஜூலையில் 12 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது விலக்கு முறையில். தென்னாப்பிரிக்கா 2019 ஏப்ரலில் கொண்டுவந்தது சுழிய வரி. தெருவில் கோஷம் போடும்போது "வரியை நீக்கு" போதும். மனுவில் "சுழிய வரி" என்ற சொல் இருக்க வேண்டும்.

வரியை முழுதாக நீக்கினாலும் விலை கொஞ்சம்தான் இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கையில் காசே இல்லாதவருக்கு 112உம் ஒன்றுதான், 100உம் ஒன்றுதான். உங்கள் சீட்டுகளில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் என்றால், பள்ளி, மருத்துவமனை, நூலகம், பணியிடம் போன்ற இடங்களில் இலவசமாக வைக்கச் சொல்வதே சரியான கோரிக்கை. என் தனிப்பட்ட சாய்வும் இதன் பக்கம்தான்.

4. சாவி யாரிடம் இருக்கிறது?

தவறான கதவைத் தட்டியே ஆண்டுகள் போய்விடும். பிரிட்டனில் நாப்கின், டாம்பான் (உடலுக்குள் வைக்கும் பஞ்சு உருளை) மீதான வரி 2001இல் 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்குக் கீழே போக ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இடம் கொடுக்கவில்லை. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, 2021 ஜனவரி 1 அன்றுதான் அது சுழியமானது. ஆஸ்திரேலியாவில் 2000இல் ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்தே எதிர்ப்பு இருந்தது. ஆனால் அந்த வரிப்பணம் மாநிலங்களுக்குப் போகிறது, எதற்கு வரி என்பதை மாற்ற அவை எல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டும். 2018 அக்டோபரில் எல்லா மாநிலங்களும் சம்மதித்து, 2019 ஜனவரி 1 முதல் வரி நீங்கியது. கொலம்பியாவில் வேலையை முடித்தது நீதிமன்றம். 2018இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வரியை ரத்து செய்தது.

ஆகவே ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் எந்த மேசையில் இருக்கிறது? அந்த மேசைக்குக் கோப்பைத் தயார் செய்பவர் யார்? பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும்? அந்தத் தலைப்புக்கான பட்ஜெட் எந்த மாதத்தில் எழுதப்படுகிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம். பட்ஜெட் வாசிக்கும் நாளில் மனு கொடுப்பது வண்டி போன பிறகு நிலையத்துக்கு வருவது போல. பல மாதங்களுக்கு முன்பே எண்கள் எழுதப்பட்டுவிடும்.

சில நேரம் சாவி மிக அருகிலேயே இருக்கும். ஒரு பள்ளித் தலைமை ஆசிரியரோ தொழிற்சாலை மேலாளரோ தன் அதிகாரத்திலேயே செய்யக்கூடிய காரியத்துக்குத் தலைநகர் வரை போக வேண்டியதில்லை.

5. ஆள் சேர்ப்பது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செவிலியர், ஆசிரியர், தொழிற்சங்கம், மகளிர் குழு, மாணவர் அமைப்பு எல்லோரையும் அழையுங்கள். எல்லோரும் மறந்துவிடும் ஒருவரை நினைவூட்டுகிறேன்: தூய்மைப் பணியாளர். பயன்படுத்திய நாப்கினை வெறும் கையால் அள்ளுகிறவர் அவர்தான். குப்பைத் தொட்டி எங்கே இருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும், கழிப்பறையில் போட்டால் குழாயில் எங்கே அடைக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. முதல் கூட்டத்திலேயே அவருக்கு நாற்காலி போடுங்கள்.

ஆண்கள் கட்டாயம் வேண்டும், ஆனால் முகமாக யார் நிற்பது என்பதில் கவனம் தேவை. 2022இல் ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் இலவச மாதவிடாய்ப் பொருள் திட்டத்துக்கான முதல் அலுவலர் பதவிக்கு ஓர் ஆணை நியமித்தார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பி, பேச வேண்டியதெல்லாம் பின்னுக்குப் போய், கடைசியில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். பெட்டி தூக்க, கணக்குப் பார்க்க, சக ஆண் அதிகாரிகளிடம் கூச்சமில்லாமல் பேச ஆண்கள் வரட்டும். மேடையில் அனுபவித்தவர் பேசட்டும்.

6. சின்னதாகச் செய்து காட்டுங்கள்

பெரிய அரசுகளும் இப்படித்தான் தொடங்கின. நியூயார்க் நகரம் 2015இல் ஒரு பள்ளியில் தொடங்கி, பிறகு 25 பள்ளிகளில் முயன்று பார்த்துவிட்டு, 2016இல் பள்ளிகள், தங்கும் இல்லங்கள், சிறைகள் எல்லாவற்றுக்கும் சட்டம் கொண்டுவந்தது. நியூசிலாந்து 2020இல் வைகாட்டோ பகுதியின் 15 பள்ளிகளில் தொடங்கி, 2021 ஜூனிலிருந்து நாடு முழுவதும் பள்ளிகளுக்கு விரித்தது.

நீங்கள் ஒரே ஒரு கட்டடத்தில், மூன்று மாதத்துக்குச் செய்தால் போதும். நன்கொடையில் பொருள் வாங்கலாம். எப்படி வைப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தோல்வி பெரும்பாலும் இங்கேதான்.

பெட்டி கழிப்பறைக்குள் இருக்க வேண்டும். அலுவலகத்தில் இல்லை, மருத்துவ அறையில் இல்லை, வகுப்பாசிரியர் மேசையில் இல்லை. முடிந்தால் ஒவ்வொரு தனி அறைக்குள்ளும் சின்னதாக ஒன்று. கறை பட்டதைக் கண்டுபிடிப்பது கதவைத் தாழிட்ட பிறகுதான், அந்த நேரத்தில் வெளியே வந்து எடுக்க முடியாது. அது முடியாவிட்டால் கைகழுவும் இடத்தில், கதவுக்கு நேரே தெரியாத மூலையில் வையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் கைக்கு எட்டும் உயரமா என்று பாருங்கள். பூட்டு வேண்டாம், காசு போடும் துளை வேண்டாம், பதிவேடு வேண்டாம். "தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள், கேட்க வேண்டியதில்லை" என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். பக்கத்திலேயே மூடி போட்ட குப்பைத் தொட்டி, சுற்றிப் போடத் தாள், குழாயில் தண்ணீர், சோப்பு. தண்ணீர் வராத கழிப்பறையில் நாப்கின் பெட்டி வைத்துப் பயனில்லை.

தினமும் காலையில் ஒருவர் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணி, நிரப்பி, ஒரு நோட்டில் எண்ணை மட்டும் எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் பெட்டி மதியத்துக்குள் காலியாகிவிடலாம். "திருடுகிறார்கள்" என்று யாராவது சொல்வார்கள். பதறாதீர்கள். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் நாலைந்தை எடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்கும் அக்காவுக்கும் எடுத்துப் போகிறார்கள். பெட்டி தினமும் நிரம்பும் என்ற நம்பிக்கை வந்ததும் எடுப்பது தானாகச் சீராகும். அந்த நோட்டுதான் பிறகு உங்கள் ஆயுதம். ஒரு நபருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று ஊகம் இல்லாமல் சொல்லிவிடலாம்.

7. எந்தப் பொருள்?

பயன்படுத்துகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். நம் வேலை, தெரிவுகளை முன்னால் வைத்து ஒவ்வொன்றுக்கும் என்ன வேண்டும் என்று மறைக்காமல் சொல்வது.

மாதவிடாய்க் கப் நன்றாகப் பராமரித்தால் 10 ஆண்டு வரை வரும். கணக்குப் பார்த்தால் அதை விட மலிவானது இல்லை. ஆனால் அதைக் கொதிக்க வைக்கப் பாத்திரம் வேண்டும், கை கழுவத் தண்ணீர் வேண்டும், பழக இரண்டு மூன்று சுழற்சி ஆகும், உள்ளே வைப்பதில் பலருக்குத் தயக்கம் இருக்கும். செலவு குறையும் என்பதற்காகக் கப்பை எல்லோர் கையிலும் திணிக்கும் திட்டங்களை நான் ஏற்க மாட்டேன். துணி நாப்கின் தோலுக்கு இதம், பல முறை பயன்படும், ஆனால் நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைக்க மறைவில்லாத இடம் வேண்டும். அந்த இடம் இல்லாமல் கட்டிலுக்கடியில் ஈரத்தோடு காய வைப்பவருக்கு அது தீர்வு ஆகாது. டாம்பானை 8 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கிருமி உண்டாக்கும் நச்சால் வரும் நச்சு அதிர்ச்சி நோய் அரிதுதான், வந்தால் உயிரையே எடுக்கும் என்பதால் இதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

மொத்தமாக வாங்கும்போது தரம் பாருங்கள். இலவசம் என்பதற்காக மெல்லிசாக, ஒட்டாத பசையோடு வந்தால் இரண்டாம் மாதம் யாரும் தொட மாட்டார்கள். மாதிரி ஒன்றை வாங்கி, சாயம் கலந்த 30 மி.லி. தண்ணீரை இரண்டு நிமிடத்தில் மெதுவாக நடுவில் ஊற்றிப் பாருங்கள். அடியிலும் ஓரத்திலும் கசியக் கூடாது. பிறகு நான்கைந்து பேரிடம் கொடுத்து ஒரு சுழற்சி பயன்படுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

உள்ளூரிலேயே தயாரிப்பது இன்னொரு வழி. கோயம்புத்தூரின் அருணாசலம் முருகானந்தத்துக்கு, கடை நாப்கினுக்குள் இருப்பது பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அவர் உருவாக்கிய எளிய எந்திரத்தை மகளிர் குழுக்கள் வாங்கித் தொழிலாகவே நடத்தின. 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த வழியில் போவதென்றால் எந்திரம் வாங்குவதற்கு முன்பே யார் வாங்குவார்கள் என்ற ஒப்பந்தம் கையில் இருக்கட்டும். தயாரிப்பதை விட விற்பதில்தான் சின்னக் குழுக்கள் தடுமாறுகின்றன.

8. மனுவும் சந்திப்பும்

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இந்த மாதிரி எழுதலாம்:

"ஐயா / அம்மா, உங்கள் பொறுப்பில் உள்ள கட்டடங்களில் மாதவிடாய் வரும் பெண்கள் இத்தனை பேர் படிக்கிறார்கள் அல்லது வேலை செய்கிறார்கள். நாங்கள் மூன்று மாதம் ஒரு கட்டடத்தில் இலவசமாகப் பொருள் வைத்துப் பார்த்தோம். ஒருவருக்கு மாதம் சராசரியாக இத்தனை எடுக்கப்பட்டது. நிரப்பும் உழைப்பு, குப்பை அகற்றல் உட்பட ஆண்டுச் செலவு இவ்வளவு. வரும் நிதியாண்டிலிருந்து எல்லாக் கட்டடங்களின் கழிப்பறைகளிலும், பெயர் கேட்காமல், கட்டணம் இல்லாமல் வைக்க உத்தரவிட வேண்டுகிறோம். எங்கள் நோட்டின் நகலை இணைத்துள்ளோம். இந்தத் தேதிக்குள் பதில் தந்தால் நன்றி உடையவர்களாக இருப்போம்."

நேரில் போகும்போது மூன்று பேர் போதும். ஒருவர் அனுபவத்தைச் சொல்ல, ஒருவர் கணக்கைச் சொல்ல, ஒருவர் எழுதிக்கொள்ள. சொல்லைத் தெளிவாகச் சொல்லுங்கள். "அந்த நாட்கள்", "அந்தப் பொருள்" என்று நாமே விழுங்கினால் எதிரே இருப்பவரும் தரையைப் பார்ப்பார். மாதவிடாய், நாப்கின், ரத்தம். முதல் தடவை நாக்கு தயங்கும். வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள். கிளம்பும் முன் "அடுத்து என்ன, யார் செய்வார், எப்போது" என்று கேட்டு எழுதிக்கொண்டு, அன்று மாலையே அதை அவருக்குக் கடிதமாக அனுப்பிவிடுங்கள்.

சில கேள்விகள் கட்டாயம் வரும். "இதற்கெல்லாம் அரசு காசு கொடுக்க வேண்டுமா?" என்பார்கள். கழிப்பறைத் தாளும் சோப்பும் கூட்டுச் செலவில்தானே வாங்குகிறோம், அவற்றைப் போல உடலின் இயல்பான தேவைதான் இதுவும். "இதைவிட முக்கியமான வேலைகள் இருக்கின்றன" என்றால், உங்கள் ஆண்டுச் செலவை அந்தத் துறையின் மொத்தச் செலவின் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், பெரும்பாலும் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. "குப்பை சேருமே" என்பது நியாயமான கேள்வி. அதற்குத்தான் தூய்மைப் பணியாளர் உங்கள் குழுவில் இருக்கிறார், அவரே பதில் சொல்லட்டும்.

9. ஊர் பேசும்படி செய்வது

ஜெர்மனியில் 2019இல் ஒரு நிறுவனம் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே டாம்பானுக்கு வரி 19 சதவீதம், புத்தகத்துக்கு 7. அவர்கள் ஒரு புத்தகம் அச்சிட்டு அதற்குள் 15 டாம்பான்களை வைத்து விற்றார்கள். எந்த விளக்கமும் தேவைப்படவில்லை, அநியாயம் கையில் எடுத்துப் பார்க்கும் பொருளாகிவிட்டது. 2020 ஜனவரி 1 முதல் அங்கே வரி 7 சதவீதமானது. அதற்கு முன்பே மனுக்களும் கையெழுத்துகளும் குவிந்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மே 28 மாதவிடாய்ச் சுகாதார நாள். 2014 முதல் கடைப்பிடிக்கிறார்கள், 28 நாள் சுழற்சி, 5 நாள் போக்கு என்பதால் ஐந்தாம் மாதம் 28ஆம் தேதி. அன்று செய்தியாளர்கள் உங்கள் அழைப்பை எடுப்பார்கள், ஆகவே சொல்வதற்கு ஒரு புதிய தகவலோடு தயாராக இருங்கள். உங்கள் விலை அட்டவணையை அன்று வெளியிடலாம்.

நாப்கின் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வரிசையாக நிற்கும் மாணவிகளின் படத்தை மட்டும் எடுக்காதீர்கள். நன்கொடையாளர் கேட்பார், நாளிதழ் கேட்கும், மறுத்துவிடுங்கள். பெட்டியைப் படம் எடுங்கள், காலி அலமாரியைப் படம் எடுங்கள். யாராவது தன் கதையைச் சொல்ல முன்வந்தால், வெளியாவதற்கு முன் அவரிடமே வாசித்துக் காட்டி, கடைசி நிமிடத்திலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

10. உத்தரவு வந்த பிறகு

உலகிலேயே முதலில் இந்த வரியை நீக்கியது கென்யா, 2004இல். பக்கத்து நாடான தான்சானியா 2018இல் நீக்கியது. ஆனால் மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்துவிட்டது. வரி போயும் கடையில் விலை இறங்கவில்லை, பலன் பெண்களுக்குப் போகவில்லை என்பதே அரசு சொன்ன காரணம். அதாவது வியாபாரிகள் விலையைக் குறைக்காததற்குத் தண்டனை பெண்களுக்கு. இதைத் தடுக்க ஒரே வழி, வரி நீங்கும் முன்பே உங்களிடம் விலைப் பதிவு இருப்பது. பத்துக் கடை, ஐந்து வகைப் பாக்கெட், மாதம் ஒரு முறை, நீங்கும் முன் ஆறு மாதம், நீங்கிய பின் ஓராண்டு. எந்தப் பாக்கெட் விலை இறங்கவில்லையோ அதைப் பெயரோடு அரசுக்குக் கொடுங்கள். அப்போது அரசு கேள்வி கேட்க வேண்டியது வியாபாரியை, பெண்களை இல்லை.

இலவசத் திட்டம் என்றால் உத்தரவின் சொற்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் சட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. மோனிகா லெனன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சில ஆண்டுகள் விடாமல் உழைத்து, 2020 நவம்பர் 24 அன்று ஒருவரும் எதிர்க்காமல் நிறைவேறியது, 2022 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பொருள் எளிதில் கிடைக்க வேண்டும், கண்ணியம் கெடாமல் கிடைக்க வேண்டும், பல வகைகளில் தேர்ந்துகொள்ள முடிய வேண்டும் என்பதெல்லாம் சட்டத்திலேயே இருக்கின்றன. பயன்படுத்துவோரைக் கலந்து பேசும் கடமையும் உள்ளாட்சிகளுக்கு உண்டு. "நாப்கின் வழங்கப்படும்" என்று மட்டும் இருக்கும் உத்தரவு அந்த அலமாரியில்தான் போய் முடியும். எங்கே வைக்க வேண்டும், யார் நிரப்ப வேண்டும், தீர்ந்தால் எத்தனை நாளில் வர வேண்டும், பெயர் கேட்கக் கூடாது என்பதெல்லாம் எழுத்தில் வரும் வரை விடாதீர்கள். டெண்டரில் மிகக் குறைந்த விலை மட்டுமே அளவுகோல் என்று இருந்தால் தரச் சோதனையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் போய்ப் பாருங்கள். சொல்லிவிட்டுப் போகாமல், பள்ளி விடுமுறை முடிந்து திறக்கும் வாரத்திலும் நிதியாண்டு முடியும் மாதத்திலும் போங்கள். சரக்கு தீருவது பெரும்பாலும் அந்த இரண்டு சமயங்களில்தான். அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு வாங்காமல் நேராகக் கழிப்பறைக்குப் போங்கள். பெட்டி இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, தொட்டி நிரம்பி வழிகிறதா என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் பிள்ளை ஒருத்தியிடம், "இதை எடுக்க யாரையாவது கேட்கணுமாம்மா?" என்று கேளுங்கள். "இல்லையே, ஏன்?" என்று அவள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தால், அந்தக் கட்டடத்துக்கு நேராக நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டடத்துக்கு நடங்கள்.